கஜா அண்ணன் இழுத்த ஒயர்

இங்கே விலை ஏற்றுகிறவனுக்கு முகம் கிடையாது. ஒரு நாள் காலை டியூட்டிக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போனில் ஒரு மெயில் வந்தது. திறந்தால் ஒரு படம். ஒரே சோபாவில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். எல்லாரும் டிவியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நாய் உட்பட. படத்துக்குக் கீழே, "உங்களுக்கு இன்னும் சிறப்பாகச் சேவை செய்யச் சில மாற்றங்கள் செய்கிறோம்" என்று போட்டிருந்தது. ஏதோ நல்ல சேதி என்று நினைத்துக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். நன்றி, மகிழ்ச்சி, அன்பு எல்லாம் முடிந்த பிறகு, எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில், அடுத்த மாதத்திலிருந்து வீட்டு இன்டர்நெட்டுக்கும் டிவிக்கும் கட்டணம் கூடுகிறது என்று இருந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு ஆள் பெயராவது இருக்கும் என்று பார்த்தேன். "உங்கள் டீம்" என்று இருந்தது. டீமை எப்படித் திட்டுவது?

நான் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, சோறு ஊட்டுவது, ராத்திரி பயந்தால் கையைப் பிடித்துக்கொள்வது. இதற்கு கேர் அசிஸ்டன்ட் என்று பெயர். என் சொந்த ஊர் கும்மிடிப்பூண்டிக்கும் தேர்வாய் கண்டிகைக்கும் நடுவில் இருக்கிறது. இங்கே வருவதற்கு முன் திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இதே வேலைதான் செய்தேன். என் வீட்டுக்காரர் சாலமன் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மகள் ஏஞ்சல் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். நான் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இங்கே சட்டத்தை மாற்றினார்கள். இந்த வேலைக்கு வருகிறவர்கள் புருஷனையும் பிள்ளையையும் கூட்டி வரக் கூடாது. அவர்கள் அம்மாவைத் துடைத்துவிட நான் வேண்டும், என் பிள்ளை வேண்டாம். இதை நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அதனால் எங்கள் குடும்பம் இரண்டு வைஃபை பெட்டிகளுக்கு நடுவில் நடக்கிறது. நீங்கள் நினைக்கிற மாதிரி தினமும் போன் போட்டு "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்டுவிட்டு வைக்கிற கதை இல்லை. நாங்கள் வீடியோ கால் போட்டு அப்படியே விட்டுவிடுவோம். பேச மாட்டோம். அவள் பாடம் எழுதுவாள், நான் வெங்காயம் உரிப்பேன். அவள் தலை பின்னிக்கொள்வாள், "வகிடு கோணலா கீது" என்பேன், அழித்துவிட்டு மறுபடி பின்னுவாள். ஊரில் அம்மாவும் பெண்ணும் ஒரே அறையில் ஆளுக்கொரு வேலையாக இருப்பார்கள் இல்லையா, அதுதான். சாலமனுக்கு செகண்ட் ஷிஃப்ட் வருகிற வாரங்களில் இது வெறும் ஆசைக்கு இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஏஞ்சல் என் நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவாள். அங்கே ஒரே அறையில் ஆறு பேர். படிக்க இடமில்லை. அதனால் சாப்பிட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும்வரை வீட்டில் அவள் தனி. அந்த நேரத்தில் எனக்கு இங்கே காலை டியூட்டி முடிந்திருக்கும். போனில் நான் இருப்பேன். வீட்டில் பெரியவள் என்று நான்தான் இருப்பேன். சாலமன் போனை கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஏஞ்சலிடம் இருப்பது என் பழைய போன், அதில் சிம் கிடையாது. வைஃபை போனால் அது வெறும் கண்ணாடி.

எனக்கு வந்த மெயிலைச் சொன்னேன். அதே மாதம் ஊரில் எங்கள் கேபிளுக்கும் நெட்டுக்கும் விலை ஏறியது. அங்கே மெயில் வரவில்லை. கஜா அண்ணன் வந்தார்.

கஜா அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக்கு முதன்முதலில் கேபிள் வந்தபோது அது ஊருக்கு மட்டும்தான் வந்தது. ஊரின் கடைசி வீட்டோடு நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்கள் காலனி. "ஒயர் பத்தல" என்றார்கள். வருஷக் கணக்கில் பத்தவில்லை. ஒயருக்கும் சாதி தெரிந்திருந்தது. என் நைனா ஊரில் ஒருத்தர் நிலத்தில் ஏர் ஓட்டினார். சாயங்காலம் வேலை முடிந்ததும் அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று படம் பார்ப்பார். என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார். உள்ளே யாராவது எழுந்து ஜன்னலைச் சாத்தினால் படம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். மீதிக் கதையை நைனாவே நடந்து வரும்போது கட்டிச் சொல்வார். ரொம்ப நாளைக்கு நான் அதுதான் படத்தின் முடிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கஜா எங்கள் காலனிப் பையன். கம்பெனி வேலைக்குப் போகாமல் கேபிள் ஆபீசில் ஏணி தூக்கினார். கொஞ்ச நாளில் அவர்கள் லைனிலிருந்தே தனியாக சப் கனெக்‌ஷன் எடுத்து, ஒரு நாள் பட்டப்பகலில், ஊர் பார்த்துக்கொண்டிருக்க, வாய்க்காலுக்கு மேலே ஒயரை இழுத்தார். ஊர்க்காரர்கள் கம்பம் நடவிடவில்லை. வேப்பமரத்தில் கட்டினார், சர்ச் கோபுரத்தில் கட்டினார், எங்கள் வீட்டு ஓட்டுக் கம்பியில் கட்டினார். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்கு லோடு ஏற்றிக்கொண்டு போகிற லாரி உயரமாக வந்தால் ஒயர் அறுந்துவிடும். பாதி படத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் புள்ளி புள்ளியாகும். காலனியே வெளியே வந்து "கஜா!" என்று கத்தும். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எச்சில் கையோடு ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். இப்போது அதே பாதையில் ஃபைபர் போட்டிருக்கிறார். டிவியும் நெட்டும் ஒரே பெட்டியில் வருகிறது. லாரியும் இன்னும் வருகிறது.

அவரோடு நான் சண்டை போடாத மாதம் இல்லை. இதை இங்கே உள்ளவர்களுக்குப் புரியவைக்க முடியாது. எங்கள் பக்கம் விலை பேசுவது என்றால் சண்டைதான். அவர் வாசலில் நின்று "எஸ்தரு, இந்த மாசம் ஏத்திக்கீது" என்பார். "யாரக் கேட்டு ஏத்துன?" என்று உள்ளேயிருந்தே ஆரம்பிப்பேன். "மேல ஏத்திட்டாங்க, நான் இன்னா பண்றது?" "மேலன்னா எங்க, வானத்துலயா?" "உனக்கு வேணாம்னா சொல்லு, அவுத்துக்கினு போறேன்." "அவுறு பாக்கலாம். மழைல நாலு நாளு படம் வர்ல, அதுக்கு இன்னா கழிப்ப, அத்த முதல்ல சொல்லு." பக்கத்து வீட்டு அக்கா வந்து எனக்காக இரண்டு வார்த்தை கத்திவிட்டுப் போவார். எல்லாம் முடிந்ததும் கஜா அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார். ஏதோ கொஞ்சம் கழிப்பார். "உன் வாய்க்குப் பயந்துதான்" என்பார். அடுத்த மாதம் மறுபடி இதே சண்டை. இதில் யாருக்கும் கோபம் கிடையாது. சத்தம் குறைந்தால்தான் பயப்பட வேண்டும்.

இங்கே நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டில் இருக்கிறோம். லிஸி சேச்சி கோட்டயத்துக்காரர். கிரேஸ் ஜிம்பாப்வேக்காரி. மூன்று பேருக்கும் ஒரே இல்லத்தில் வேலை. இன்டர்நெட் என் பெயரில் இருக்கிறது, ஏனென்றால் இந்த வீட்டுக்கு முதலில் வந்தவள் நான். அன்று சாயங்காலம் கிச்சன் மேசையில் உட்கார்ந்து எந்த கம்பெனி மலிவு என்று பார்த்தோம். இதற்கென்றே வெப்சைட் வைத்திருக்கிறார்கள். வரிசையாக வந்து விழுகிறது. நெட் மட்டும், நெட்டும் டிவியும், நெட்டும் டிவியும் வீட்டு போனும். வீட்டு போன் எங்களுக்கு எதற்கு? அதை எடுத்துவிட்டால் விலை குறையும் என்று பார்த்தால் கூடுகிறது. குழந்தைகள் சேனல் வேண்டாம் என்றால் ஃபுட்பாலும் போகிறது. ஊரிலும் இப்படித்தான். ஒரு தமிழ்ப் பாட்டுச் சேனலுக்காக எந்த பாஷை என்றே தெரியாத பத்து சேனலைத் தலையில் கட்டுவார்கள். எவ்வளவு வேகம் வேண்டும் என்று ஒரு இடத்தில் கேட்டிருந்தது. பிள்ளையின் முகம் உடையாமல் தெரிகிற வேகம் போதும். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை.

"மலையாளம் சேனல் இல்லெங்கில் எனக்குச் சோறு இறங்காது, எஸ்தரே" என்றார் லிஸி சேச்சி.

"ஃபுட்பால் போனால் நானும் போகிறேன்" என்றாள் கிரேஸ்.

"எனக்கு டிவியே வேண்டாம்" என்றேன்.

"உனக்கென்ன, நீ உன் மகளையே நாள் முழுக்கப் பார்க்கிறாய். அந்த சேனலுக்கு நாம் மூன்று பேரும் பணம் கட்டுகிறோம்" என்று கிரேஸ் சிரித்தாள். அவளுக்கும் ஊரில் இரண்டு பையன்கள். அவளுக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு. வேறு யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு.

அந்தப் பட்டியலில் எனக்கு வயிறு எரிந்தது வேறு ஒரு விஷயத்தில். நாங்கள் இருக்கிற அதே கம்பெனியின் அதே பேக்கேஜ் அங்கே பாதி விலைக்குப் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரம். "புதிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும்." அதாவது நேற்று வந்தவனுக்குப் பாதி விலை, ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கிறவளுக்கு முழு விலை, அதற்கு மேலே ஏற்றமும். கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் பழைய வாடிக்கை என்றால் கறிவேப்பிலை சும்மா கிடைக்கும். இங்கே பழையவள் என்றால் ஏமாளி. சரி, கம்பெனிக்குப் புதியவர்கள்தான் பிடிக்கும் என்றால், நாட்டுக்கும் அப்படித்தானே இருக்க வேண்டும்? நாடு புதியவளைப் பார்த்து, "வருஷக் கணக்கில் இரு, ஒழுங்காக இரு, அப்புறம் பார்க்கலாம்" என்கிறது. ஒரே மண்ணில் இரண்டு நியாயம்.

நம் ஊரை ஒன்றும் உசத்திச் சொல்லவில்லை. சாலமன் வேலை செய்கிற கம்பெனியில் வருஷம் போகப் போக ஆளை நிரந்தரம் ஆக்குவார்கள் என்று பெயர். ஆக்குவதில்லை. கான்ட்ராக்டர் பெயரை மாற்றி, அதே ஆளுக்குப் புது கார்டு கொடுப்பார்கள். பழையவன் கேள்வி கேட்பான், புதியவன் கேட்க மாட்டான். தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரனுக்கு கேட்டில் இடம் இல்லை, எங்கிருந்தோ ரயிலில் வந்திறங்கின பையனுக்கு உடனே வேலை. அந்தப் பையன் மேலே எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. இங்கே நான்தான் அந்தப் பையன்.

மறுநாள் கம்பெனிக்கு போன் போட்டேன். பாட்டு போட்டார்கள். ரொம்ப நேரம் கழித்து ஒரு பையன் வந்தான். நல்ல குரல், தேனில் தோய்த்த மாதிரி. விலையைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். "கட்டாயம் பேசலாம். முதலில், வீட்டில் இன்டர்நெட்டை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? படம் பார்க்கவா, கேம் விளையாடவா, வீட்டிலிருந்து வேலை செய்யவா?" என்று கேட்டான்.

"மகளை வளர்க்க" என்றேன்.

"அருமை! அப்படியானால் உங்களுக்கு பேரன்டல் கன்ட்ரோல் இலவசமாகத் தரலாம். அவள் என்ன பார்க்கிறாள் என்று நீங்கள் கண்காணிக்கலாம். தூங்கும் நேரம் வந்தால் லைன் தானாக ஆஃப் ஆகிவிடும்."

"லைன் ஆஃப் ஆனால் என் மகளும் ஆஃப் ஆகிவிடுவாள், தம்பி" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அப்படித்தான் சொல்ல வந்தது. அவன் குரலைத் தாழ்த்தி, "அதைக் கேட்க வருத்தமாக இருக்கிறது" என்றான். யாரோ செத்துவிட்டதாக நினைத்துவிட்டான். எனக்குப் பொறுமை போய்விட்டது. "அதை விடு, விலையைக் குறை. புதிதாக வருகிறவனுக்குப் பாதி, எனக்கு மட்டும் முழுசா?" என்று ஆரம்பித்தேன். "உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது" என்றான். நான் இன்னொன்று சொன்னேன். "உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது." நானும் விடவில்லை, யாரைக் கேட்டு ஏற்றினாய் என்று கேட்டேன். கத்தினேன் என்று எனக்குத் தோன்றவில்லை. கஜா அண்ணனிடம் பேசுவதில் பாதிகூட இல்லை. அவன், "இதே தொனியில் பேசினால் இந்த அழைப்பை முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்" என்றான். அடுத்து அவன் இறங்கி வருவான் என்று நினைத்து இன்னும் ஒரு படி ஏறினேன். டக்கென்று வைத்துவிட்டான். சண்டையின் நடுவில் எழுந்து போகிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். அடித்திருந்தால்கூட அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

இந்தக் கூத்து இங்கே நடக்கும்போது அங்கே சாலமன் வேறு வேலை பார்த்திருந்தார். கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய குடை விரித்து, டை கட்டின பசங்க நின்று ஒரு பெரிய கம்பெனியின் ஃபைபர் கனெக்‌ஷன் விற்கிறார்கள். ஆரம்பத்தில் சில மாதம் இலவசம், சினிமா ஆப் எல்லாம் சும்மா, அப்புறமும் கஜாவை விட மலிவு. சாலமன் ஆதாரைக் கொடுத்துப் பதிந்துவிட்டார். என்னிடம் சொன்னபோது முதலில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. "நாமும் புது கஸ்டமர் ஆயிட்டோம்" என்று சிரித்தார். கஜா அண்ணனிடம் யார் சொல்வது என்று கேட்டேன். "ஆபீஸ்ல அவர் பையன் கீறான், அவன்கிட்ட சொல்லிட்டேன், மாசக் கடைசில நிறுத்திடச் சொன்னேன்" என்றார். அது சரியில்லை என்று எனக்கு அப்போதே பட்டது. முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். மெயில் அனுப்புகிற மாதிரி ஆகிவிட்டது. ஆனால் சாலமன் சண்டைக்கு ஆகாத மனுஷன். எங்கள் வீட்டில் அந்த டிபார்ட்மென்ட் என்னுடையது. நான் இங்கே இருக்கிறேன்.

அடுத்த வாரம் மாதக் கடைசி, புது லைன் இன்னும் வரவில்லை, சாலமனுக்கு செகண்ட் ஷிஃப்ட். நான் டியூட்டி முடிந்து வந்து கிச்சனில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். இங்கே வெயில், அங்கே இருட்டி ரொம்ப நேரம் ஆகிவிட்டது. என் போன் அரிசி டப்பாவில் சாய்ந்திருந்தது. அங்கே ஏஞ்சலின் போன் டிவி ஸ்டாண்டில், வைஃபை பெட்டியின் மேல் சாய்ந்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேசவில்லை. அப்போது கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "யாருன்னு கேளு" என்று நான் சொல்வதற்குள் அவள் எழுந்து போய்த் திறந்துவிட்டாள். போன் தாழ்வாக இருந்ததால் எனக்கு ஒரு ஆணின் கால் மட்டும்தான் தெரிந்தது. மண் ஒட்டின பேன்ட். உள்ளே வருகிறது. ஏஞ்சலின் கால் பின்னால் நகர்கிறது. என் கையில் கத்தி இருந்தது. வெங்காயம் வெட்டுகிற கத்தி. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்? அந்த ஒரு நிமிஷத்தில் நான் என்ன நினைத்தேன் என்று எழுதப் போவதில்லை. வெளியூரில் இருக்கிற அம்மாக்களுக்குத் தெரியும்.

"பாப்பா, பொட்டிய எத்துக்கினு போக வந்தேன். அப்பாதான் வேணாம்னு சொல்லிட்டாராமே" என்று குரல் கேட்டது. கஜா அண்ணன். உயிர் வந்தது. வந்த உயிர் அப்படியே கோபமாக மாறியது. கால் நேராக என்னை நோக்கி வந்தது, பெரிய கை ஒன்று திரையை மறைத்துக்கொண்டு பெட்டிக்கு நீண்டது.

"கஜாண்ணா, கைய எடு!" என்று கத்தினேன்.

கை வெடுக்கென்று பின்னால் போனது. "யாரு? எங்கேர்ந்து பேசறது?" என்று குனிந்து பார்த்தார். திரை முழுக்க அவர் முகம், நரைத்த மீசை, நெற்றியில் வியர்வை. "எஸ்தரா? நீ இன்னா இங்க உக்காந்துகினு கீற?"

"என் ஊட்ல நான் உக்காராம வேற எவ உக்காருவா? கொயந்த இருக்கற ஊட்ல பூந்து பொட்டிய புடுங்க வந்துக்கிறியே, வெக்கமா இல்ல?"

"வெக்கத்தப் பத்தி நீ பேசாத! வாய்க்காலத் தாண்டி ஒயர் யாரு இஸ்தது? குட புடிச்சிக்கினு நிக்கறானே, அந்த டை கட்டுனவன் வந்து இஸ்தானா? அன்னிக்கி ஊர்க்காரன் கல்லெடுத்து அடிச்சான், இதோ பாரு மண்டைல தழும்பு!" தலையைக் குனிந்து காட்டினார். "என் ஒயர்லயே வந்து குந்திக்கினு என்னியவே திட்டறியா? லண்டன் போனதும் கஜா கண்ணுக்குத் தெர்லியா?"

"லண்டன் இல்ல!"

"எதுவா இருந்தா எனக்கு இன்னா! வேணாம்னா என்கிட்ட வந்து சொல்லணும். சின்னப் பையன்கிட்ட சொல்லி அனுப்பறதா? உன்கூட எத்தினி சண்ட போட்டுக்கிறேன், கடசி சண்ட போடக்கூட நான் லாயக்கு இல்லியா?"

"நீ யாரக் கேட்டு வெல ஏத்துன? அத்த முதல்ல சொல்லு!"

"மேல ஏத்திட்டாங்க!"

"மேலன்னா எங்க?"

மாடியிலிருந்து கிரேஸும் லிஸி சேச்சியும் ஓடி வந்தார்கள். கிரேஸ் என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி வைத்தாள். "யாருக்கு என்ன ஆச்சு? போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்றாள். "ஒன்றும் இல்லை, விலை பேசிக்கொண்டிருக்கிறேன்" என்றேன். லிஸி சேச்சிக்குப் புரிந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் மறுபடி திரும்பினபோது கஜா அண்ணன் கண் என் மேல் இல்லை. அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் கணக்கு நோட்டு. சாலமனுக்கு மூடி வைத்த சோறு. சுவரோடு ஒட்டி நிற்கிற ஏஞ்சல்.

"கொயந்த ஒத்தையாவா கீது?" என்றார். சத்தம் இறங்கிவிட்டது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஒத்தையா இல்ல. நான் கீறேன் இல்ல?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஏஞ்சலின் போனைத் தாங்கிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "நீ எங்க கீற? நீ இந்தப் பொட்டிக்குள்ள கீற. நான் இத்த எத்துக்கினு போனா உன்னியும் இல்ல எத்துக்கினு போவேன்" என்றார். அப்புறம் தனக்குத்தானே, "இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா கேடு" என்று முணுமுணுத்தார். சண்டை தெரிந்தவளுக்கு இந்த மாதிரி நேரத்தில் என்ன பேசுவது என்று தெரிவதில்லை.

அவர் பெட்டியைத் தொடவில்லை. வெளியே போய்விட்டார். போய்விட்டார் என்று நினைத்தேன். "மாமா வாசல்லயே வண்டி மேல உக்காந்துகினு கீறாரும்மா" என்றாள் ஏஞ்சல். போனை எடுத்துப் போய் ஜன்னல் வழியாகக் காட்டினாள். இருட்டில் பைக்கின் மேல் ஒரு உருவம், கையில் போன் வெளிச்சம். "கஜாண்ணா, ஊட்டுக்குப் போ" என்று கத்தினேன். "போவ மாட்டேன். உன் புருஷன் வரட்டும். அவன்கிட்டயும் சண்ட போடணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து ஏஞ்சல் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் சொல்லவில்லை. அவளாகவே கொடுத்தாள். சாலமன் சைக்கிளில் வந்து இறங்கும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்ன மாதிரியே சண்டை போட்டார். சாலமன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில், "சாப்டுட்டுப் போ அண்ணா" என்றார். அந்த மனுஷனுக்குத் தெரிந்த சண்டை அவ்வளவுதான்.

குடைக் கம்பெனியை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவர்கள் இன்னும் போன் போட்டு, "உங்களுக்காக ஒரு ஸ்பெஷல் ஆஃபர்" என்கிறார்கள். கஜா அண்ணன் விலையைக் குறைத்தாரா என்று கேட்பீர்கள். குறைக்கவில்லை. "ஏத்துனது ஏத்துனதுதான், இந்த மாசம் உன் வாய்க்குப் பயப்பட மாட்டேன்" என்றார். பரவாயில்லை. மலிவு எது என்று கணக்குப் பார்த்தால் நான் தோற்றுப்போனேன். ஆனால் செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில், பத்து மணிக்கு முன்னால், காலனிப் பக்கம் எந்த ரிப்பேர் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் வண்டி எங்கள் வாசல் வழியாக இரண்டு முறை போகிறது. எனக்கு அந்த சத்தம் கேட்கும். அதை எந்த வெப்சைட்டில் போட்டு ஒப்பிடுவது?

இங்கே வேலை கிரேஸால் முடிந்தது. அவள் வேறொரு கம்பெனியோடு பூ மாதிரி பேசி, தன் பெயரில் புது வாடிக்கையாளராகச் சேர்ந்துவிட்டாள். ஃபுட்பால் இல்லை, மலையாளம் இல்லை, வெறும் லைன். ஃபுட்பாலை கிரேஸ் சர்ச்சில் ஒருத்தர் வீட்டில் போய்ப் பார்க்கிறாள். லிஸி சேச்சி தன் போனில் யூட்யூபில் சீரியல் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார், சோறு இறங்கத்தான் செய்கிறது. ஒப்பந்தம் முடிந்ததும் லிஸி சேச்சி பெயரில் இன்னொரு கம்பெனி, அப்புறம் மறுபடி என் பெயரில். இந்த நாட்டில் மலிவாக வாழ வேண்டுமானால் எப்போதும் புதியவளாகவே இருக்க வேண்டும். புது கம்பெனியிலிருந்து முதல் மெயில் வந்தது. "எங்கள் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம்." அதே மாதிரி சோபா, அதே மாதிரி நாய். என் குடும்பத்தைக் கூட்டி வரக் கூடாது என்கிறார்கள், ஒயர் விற்கிறவன் மட்டும் என்னைக் குடும்பம் என்கிறான். அதை அழித்துவிட்டேன்.

எங்களிடம் இங்கே இப்போது டிவி இல்லை. ஆனால் நான் டிவி பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாலமனும் ஏஞ்சலும் பாயில் உட்கார்ந்து காமெடி நிகழ்ச்சி பார்ப்பார்கள். ஏஞ்சல் போனை டிவிக்கு நேராகத் திருப்பி, தலையணையில் சாய்த்து, நடுவில் வைத்துவிடுவாள். இந்தப் பக்கம் சாலமனின் முழங்கால், அந்தப் பக்கம் அவள் பின்னல், நடுவில் நான். கஜா அண்ணனின் ஒயரில் வருகிற படத்தை, கஜா அண்ணனின் பெட்டி வழியாகவே, நான் கிச்சனில் நின்று பார்க்கிறேன். என் நைனா அடுத்தவர் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தார். நான் என் வீட்டு ஜன்னலில் நின்று பார்க்கிறேன்.

ஒரே ஒரு குறை. அங்கிருந்து படம் எனக்கு வந்து, என் சத்தம் அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் ஆகிறது. போன ஞாயிறு ஒருத்தன் வேட்டி தடுக்கி விழுந்தான். அவர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்துதான் சிரித்தேன். என் சிரிப்பு கும்மிடிப்பூண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே அவர்கள் சிரித்து முடித்திருந்தார்கள், டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். அமைதியான வீட்டில் என் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறது. ஏஞ்சல் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீ லேட்டு" என்றாள்.